குறைமாதக் குழந்தைக்குக் குடல் அழுகல்: அனுப்பும் முன், அறுவையில், ஸ்டோமாவோடு (வயிற்றில் திறந்த குடல் வாயோடு) வீடு திரும்பிய பின்

செவிலி_காரைக்குடி

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் வேலை பார்க்கும் சிஸ்டர்களுக்காக ஒரு குறிப்பு தயாராகிறது. பொருள், நாம் என்.ஈ.சி. என்று சொல்லும் குடல் அழுகல் நோய். எடுத்துக்காட்டுக்கு ஒரு குழந்தையை வைத்துக்கொள்வோம்: எடை 1,200 கிராம், பிறந்து 14 நாள், டியூபில் பால் ஏறிக்கொண்டிருந்தது. திடீரென்று பால் செரிக்காமல் நிற்கிறது, வயிறு உப்புகிறது, டியூபில் பச்சையாக வருகிறது. குழந்தை அறுவை நிபுணர் இருப்பது மதுரையில் அல்லது திருச்சியில். காரைக்குடியிலிருந்து இரண்டுமே ஏறத்தாழ 90 கிலோமீட்டர். வண்டி ஏறும் முன் எதைச் செய்யத் தவறினால் குழந்தை கெடுகிறது? மலத்தில் ரத்தம் பார்த்த பிறகு அனுப்பினால் போதுமா? தெரிந்தவர்கள் எழுதுங்கள், தவறு இருந்தால் திருத்துங்கள்.

பச்சிளம்_மருத்துவர்

சிஸ்டர், ரத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பல குழந்தைகளில் அது தாமதமாக வரும், சிலருக்கு வராமலே போகும். அதற்கு முன்பே வேறு அடையாளங்கள் தெரியும்: மூச்சு விட்டு விட்டு நிற்கும், நேற்றுவரை உதைத்துக்கொண்டிருந்த கால் துவளும், உடல் சூடு 36.5-க்குக் கீழே இறங்கும், ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறையும். பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வரும் நோய் இது. எவ்வளவு முன்னதாகப் பிறந்ததோ அவ்வளவு தாமதமாக வரும். "மூன்று வாரம் தாண்டியாச்சு, இனி பயமில்லை" என்கிற கணக்கு 27 வாரத்தில் பிறந்த குழந்தைக்குச் செல்லாது.

சந்தேகம் வந்த நிமிடமே பால் நிற்க வேண்டும். பிறகு வாய் வழியே டியூப். 1,000 கிராமுக்கு மேல் என்றால் 8 பிரெஞ்ச் (டியூபின் தடிமன் அளவு) போடுங்கள். பால் கொடுக்கப் போட்டிருந்த 5 பிரெஞ்ச் டியூபையே விட்டுவைப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. அது சளியிலும் பால் திரிதலிலும் அடைத்துக்கொள்ளும். டியூப் இருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம், வயிறு உப்பிக்கொண்டே போகும். மூக்குப் பாலத்திலிருந்து காது மடல், அங்கிருந்து மார்பெலும்பு முனைக்கும் தொப்புளுக்கும் நடுப்புள்ளி, இதுதான் நீளம். மூடி போடாதீர்கள். திறந்தே வடியவிட்டு, மணிக்கு ஒருமுறை சிரிஞ்சால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். வந்ததை அளந்து எழுதுங்கள். அதே அளவு நார்மல் சலைன் ஐ.வி.யில் திரும்பப் போக வேண்டும். பொட்டாசியம் சேர்ப்பது சிறுநீர் போகிறது என்று உறுதியான பிறகு.

பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்துவிட்டு ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸை இங்கேயே கொடுத்துவிடுங்கள். வழக்கமாக ஆம்பிசிலின், ஜென்டாமைசின், குடலில் துளை சந்தேகமிருந்தால் மெட்ரோனிடசோல். உங்கள் வார்டில் எந்தக் கிருமி சுற்றுகிறது என்பதைப் பொறுத்து இது மாறும். "மதுரையில் போட்டுக்கொள்ளட்டும்" என்று விட்டால் நாலைந்து மணி நேரம் கைவிட்டுப் போகும்.

மூச்சு தடுமாறும் குழந்தைக்கு மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தக் கூடாது. அந்தக் காற்று நேராக வயிற்றுக்குள் போகும். தேவையென்றால் மூச்சுக்குழாயில் டியூப் போட்டு வெண்டிலேட்டரில் அனுப்புங்கள்.

குழந்தை_அறுவை

மேலே சொன்னதோடு எக்ஸ்ரேயைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்து ஒரு படம் மட்டும் எடுத்து அனுப்பினால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. இரண்டாவது படம் இடப்பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்து, ஐந்து பத்து நிமிடம் அப்படியே வைத்திருந்து எடுப்பது. குடலில் துளை விழுந்திருந்தால் வெளியே வந்த காற்று மேலேறி, ஈரலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் நடுவே கரிய பிறையாக நிற்கும். ஈரல் படத்தில் ஒரே வெள்ளையாகத் தெரிவதால் கொஞ்சம் காற்றும் கண்ணுக்குத் தப்பாது. வலப்பக்கம் கீழே வைத்து எடுத்தால் இரைப்பையின் காற்றோடு கலந்து குழப்பும்.

குடல் சுவருக்குள்ளேயே காற்று இருக்கிறதா என்று பாருங்கள். தண்டவாளம் போல இரட்டைக் கோடாகத் தெரியும், அல்லது நுரை போலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். அது இருந்தால் நோய் ஏறக்குறைய உறுதி. ஈரலுக்குள் மரக்கிளை போல ஓடும் காற்று, நோய் கடுமை என்பதற்கு அடையாளம். ஒரே ஒரு குடல் வளையம் 24 மணி நேரமாக எல்லாப் படத்திலும் இடம் மாறாமல், வடிவம் மாறாமல் நின்றால் அந்தத் துண்டு செத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் ஆறிலிருந்து எட்டு மணிக்கு ஒருமுறை படம் கேட்கிறோம். எல்லாப் படங்களும் குழந்தையோடு வர வேண்டும். கடைசிப் படம் மட்டும் வந்தால் எது மாறியது என்று தெரியாது.

அறுவைக்குப் போவது எப்போது? வெளியே காற்று தெரிந்தால் தயக்கமில்லை. காற்று தெரியாமலே வயிற்றுத் தோல் சிவந்து நீலம் பாய்ந்தால், கைக்குக் கட்டி தட்டுப்பட்டால், மருந்து முழுதாகக் கொடுத்தும் பிளேட்லெட் சரிந்து ரத்தத்தில் அமிலம் ஏறிக்கொண்டே போனால் அப்போதும் திறக்கிறோம். ஊசியால் வயிற்று நீரை எடுத்துப் பார்க்கையில் பழுப்பாக வந்து கிராம் சாயத்தில் (கிருமிக்கு நிறமேற்றிக் காட்டும் சோதனை) கிருமி தெரிந்தால் உள்ளே அழுகல் இருக்கிறது. நோயின் கடுமையைக் குறிக்க 1978-இல் பெல் என்ற மருத்துவர் வகுத்த மூன்று நிலைகளை இன்றும் கேஸ் ஷீட்டில் எழுதுகிறோம். ஆனால் "நிலை 1" என்று எழுதிவிட்டு அடுத்த நாள் ரவுண்ட்ஸ் வரை விட்டுவிடாதீர்கள். காலையில் ஒன்றாக இருப்பது மாலையில் மூன்றாகும் நோய் இது.

கிராம_செவிலி_கல்லல்

கொஞ்சம் விலகிக் கேட்கிறேன், மன்னிக்கவும். நிறைமாதக் குழந்தை, மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விட்டது, பச்சையாகக் கக்குகிறது. வீட்டில் அப்பத்தா "உரம் விழுந்திருக்கு" என்று சேலையில் போட்டு உருட்ட ஆள் கூப்பிடுகிறார். இன்னொரு வீட்டில் வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய் இழைத்து நாக்கில் தடவுகிறார்கள். பித்த வாந்தி, தானாகச் சரியாகிவிடும் என்கிறார்கள். நாங்கள் என்ன சொல்ல வேண்டும்?

குழந்தை_அறுவை

நீங்கள் விலகவே இல்லை. இந்த இழையில் மிக அவசரமான கேள்வி உங்களுடையதுதான்.

பிறந்த குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால், வேறு காரணம் என்று நிரூபிக்கும்வரை அது குடல் முறுக்கு. தயிர் போலத் திரிந்து வருவது வேறு, சீம்பாலின் மஞ்சள் வேறு. வேப்பிலையை அரைத்துக் கரைத்த மாதிரி இருந்தால் உடனே கிளம்ப வேண்டும். கறை பட்ட துணியைத் துவைக்காமல் மடித்து எடுத்து வரச் சொல்லுங்கள். நிறத்தை வாயால் சொல்வதில் நிறைய பிசகு வருகிறது. ஆரம்பத்தில் வயிறு உப்பாமலே இருக்கலாம், குழந்தை நன்றாகவே தெரியலாம். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

கருவில் குடல் சுழன்று தன் இடத்தில் படியாமல் போனால், நடுக்குடல் முழுவதும் ஒரு குறுகிய காம்பில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தக் காம்பு முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நிற்கும். சில மணி நேரத்தில் சிறுகுடல் ஏறக்குறைய முழுதும் போய்விடலாம். குழந்தை நிலையாக இருந்தால் கான்ட்ராஸ்ட் (குடலை எக்ஸ்ரேயில் தெளிவாகக் காட்டும் திரவம்) விட்டு எடுக்கும் படமோ, ரத்தக் குழாய்கள் சுழல் போலத் தெரியும் ஸ்கேனோ எடுக்கலாம். தளர்ந்திருந்தால் நேரே தியேட்டர். 1936-இல் வில்லியம் லாட் (Ladd) என்ற அறுவை நிபுணர் விவரித்த அறுவைதான் இன்றும்: கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் முறுக்கை அவிழ்ப்பது, சிறுகுடலின் தொடக்கமான டியோடினத்தின் மேல் ஓடும் பட்டைகளை வெட்டுவது, காம்பை அகலமாக்குவது, சிறுகுடலை வலப்பக்கமும் பெருங்குடலை இடப்பக்கமும் வைப்பது. குடல்வால் இனி இடப்பக்கம் போய்விடும் என்பதால் அதையும் பெரும்பாலும் எடுத்துவிடுகிறோம்.

சேலையில் உருட்டினால் இந்த முறுக்கு அவிழாது. குடலைக் காப்பாற்றக்கூடிய மணி நேரம்தான் அதில் போகும். வாய் வழியே எதுவும் கொடுக்க வேண்டாம், உரை மருந்தும் சீனித்தண்ணியும் சேர்த்து. 108-ஐக் கூப்பிடுங்கள். அப்பத்தாவிடம் சண்டை போடாமல், "வயித்துக்குள்ள குடல் முறுக்கியிருக்கலாம், படம் பார்த்துட்டு வந்துருவோம் ஆச்சி" என்று சொன்னால் கேட்பார்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: நிறைமாதக் குழந்தை 48 மணி நேரத்துக்குள் முதல் கருமலம் போகவில்லை என்றால் ஹிர்ஷ்ஸ்பிரங் நோயை (பெருங்குடலின் கடைப்பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமல் மலம் நகராதது) நினைக்க வேண்டும். ஆசனவாய் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்து எழுதுங்கள்.

மயக்கவியல்_மதுரை

வழியில் கெடுவது பெரும்பாலும் குளிரால். சித்திரை வெயிலில்கூட ஏ.சி. ஓடும் ஆம்புலன்ஸில் 1,200 கிராம் குழந்தை 35 டிகிரிக்கு இறங்கி வந்து சேரும். சூடு இறங்கினால் அமிலம் ஏறும், ரத்தம் உறைவது கெடும், மயக்கம் கொடுப்பது ஆபத்தாகும். தலைக்குத் தொப்பி, உடம்புக்குச் சுத்தமான மெல்லிய பிளாஸ்டிக் உறை, அதன் மேல் துணி. ஏ.சி.யை நிறுத்தச் சொல்லுங்கள். ஏற்றும் முன் ஒருமுறை சர்க்கரை அளவு, வழியில் மணிக்கு ஒருமுறை.

அனுப்பும் சிஸ்டர்கள் மறந்துபோவது அம்மாவின் ரத்த மாதிரி. சிசேரியன் ஆன தாய் இங்கே வார்டில் இருப்பார், குழந்தை மட்டும் அங்கே வரும். குழந்தைக்கு ரத்தம் பொருத்திப் பார்க்கத் தாயின் மாதிரியும் வேண்டும். பெயர், நேரம் எழுதிய டியூபில் ஒரு 3 மில்லி கூடவே அனுப்புங்கள். கையெழுத்துப் போட அப்பா அதே வண்டியில் வரட்டும். காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, பிறப்புக் குறிப்பு அவர் கையில் இருக்கட்டும். வைட்டமின் கே கொடுத்த தேதியை எழுதுங்கள்.

ரத்தக் கணக்கு ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பார்கள். ஒரு கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே 90 மில்லி அளவுதான். 9 மில்லி போனால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. ரத்தம் ஒற்றும் காஸ் துணித் துண்டு இரண்டு நனைந்தால் அந்த 9 மில்லி போயிருக்கும். அதனால் தியேட்டரில் ஒவ்வொரு காஸையும் நனையும் முன்னும் பின்னும் எடை போடுகிறோம், 1 கிராம் என்றால் 1 மில்லி. பிளேட்லெட் 50,000-க்கு மேல் இருக்கும்படி பார்த்துக்கொண்டுதான் தொடங்குகிறோம். நைட்ரஸ் ஆக்சைடு கிடையாது, அது உப்பிய குடலுக்குள் புகுந்து இன்னும் உப்ப வைக்கும். தியேட்டர் சூடு 26-28 டிகிரி. உள்ளே நிற்பவர்களுக்கு வேர்த்துக் கொட்டும், குழந்தைக்கு அதுதான் சரி.

செவிலி_காரைக்குடி

மிக்க நன்றி. அம்மாவின் ரத்த மாதிரி எங்கள் பட்டியலில் இல்லை, சேர்த்துவிட்டேன். அடுத்த கேள்வி: சில குழந்தைகளுக்கு வயிற்றைத் திறக்காமல் டிரெயின் (வடிகால் பட்டை) மட்டும் வைக்கிறார்கள். பெற்றோர் "இது அரைகுறை வைத்தியமா?" என்று கேட்கிறார்கள்.

பச்சிளம்_மருத்துவர்

அரைகுறை இல்லை. 1977-இல் டொராண்டோவிலிருந்து வந்த முறை. படுக்கையிலேயே, வலப்பக்க அடிவயிற்றில் சிறு வெட்டு, மெல்லிய ரப்பர் பட்டை ஒன்றை உள்ளே விட்டுத் தைப்பது. உள்ளே அடைபட்ட காற்றும் மலநீரும் வெளியே வரும், உதரவிதானத்தின் மேல் அழுத்தம் குறையும், மூச்சு சீராகும். 700, 800 கிராம் குழந்தை, ரத்த அழுத்தம் நிற்கவில்லை, இடம் மாற்றவே முடியாது என்றால் நான் முதலில் இதைத்தான் கேட்பேன்.

குழந்தை_அறுவை

இங்கே நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், சார். இரண்டு நோயை ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. முதல் வாரத்தில், நல்ல குடலில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் துளை விழுவது ஒன்று. குடல் சுவரில் காற்று இருக்காது, சுற்றிலும் அழுகல் இருக்காது. அதற்கு டிரெயினே போதுமாகிவிடுவது உண்டு. அழுகல் நோயில் செத்த குடல் உள்ளேயே கிடக்கும். டிரெயின் அதை வெளியே எடுக்காது. 1,000 கிராமும் அதற்குக் குறைவுமான குழந்தைகளை வைத்து 2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் இரண்டு முறைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அறுவைக்கு முன்பே அழுகல் நோய் என்று கணித்திருந்த குழந்தைகளில் மரணமோ மூளை வளர்ச்சிக் குறைபாடோ நேர்வது வயிற்றைத் திறந்தவர்களுக்கே குறைவாக இருந்தது. ஆகவே என் வழக்கம்: அழுகல் என்றால், குழந்தை தாங்குமென்றால், திறப்பது. டிரெயின் வைத்தாலும் ஒன்றிரண்டு நாளுக்குள் தேறவில்லையென்றால் திறந்தே ஆக வேண்டும்.

பச்சிளம்_மருத்துவர்

"தாங்குமென்றால்" என்ற சொல்லில்தான் நம் இருவரின் வித்தியாசமும் இருக்கிறது. தாங்காத குழந்தைக்கு டிரெயின், ஒத்துக்கொள்கிறேன்.

குழந்தை_அறுவை

சிஸ்டர் குறிப்புக்காக, உள்ளே என்ன செய்கிறோம் என்பதையும் எழுதிவிடுகிறேன். தொப்புள் மட்டத்தையொட்டி வலப்பக்கம் குறுக்கு வெட்டு. குறைமாதக் குழந்தையின் ஈரல் ஈரமான பஞ்சு மாதிரி. விலக்கிப் பிடிக்கும் கருவியான ரிட்ராக்டர் லேசாகப் பட்டாலே உறைக்குள் ரத்தம் கசிந்து நிற்காது. அதனால் ஈரலைத் தொடாமலே வேலை முடிக்கப் பார்க்கிறோம். நல்ல குடல் இளஞ்சிவப்பாக, தொட்டால் சுருங்கும். நோய் பட்ட இடம் நாவற்பழ நிறத்தில் தொளதொளவென்று கிடக்கும். மேல் உறைக்கு அடியில் சோப்பு நுரை போலக் காற்றுக் குமிழ்கள். செத்தது உறுதியான துண்டை மட்டும் வெட்டுகிறோம். சந்தேகமான இடத்தை விட்டுவிட்டு 24-48 மணி நேரத்தில் மறுபடி திறந்து பார்ப்பது உண்டு. சிறுகுடல் பெருங்குடலில் சேரும் இடத்து வால்வைக் கூடுமானவரை விடமாட்டோம்.

மிச்சமிருக்கும் குடலை, காம்புக்கு எதிர் விளிம்பில் பட்டு நூல் வைத்து அளந்து குறிப்பில் எழுதுகிறோம். நிறைமாதக் குழந்தையின் சிறுகுடல் இரண்டிலிருந்து இரண்டரை மீட்டர். 27 வாரத்தில் அதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். கடைசி மூன்று மாதத்தில்தான் குடல் இரட்டிப்பாக நீளும். குறைமாதத்தில் பிறந்ததால் அந்த வளர்ச்சி இன்னும் பாக்கி இருக்கிறது, பெற்றோரிடம் இதைச் சொல்லலாம். பிறகு மேல் முனையை ஸ்டோமாவாக, கீழ் முனையை இன்னொரு துளையாக வயிற்றின் மேல் தைக்கிறோம். நோய் ஒரே சிறு துண்டில் நின்று, குழந்தையும் நிலையாக இருந்தால் நேரடியாக இணைப்பதும் சரியே.

சில நேரம் திறந்தால் குடல் முழுதுமே கருத்திருக்கும். அப்போது மூடிவிட்டு, வலியில்லாமல் பார்த்துக்கொண்டு, தாயை வரவழைத்துக் குழந்தையைக் கையில் கொடுப்பதுதான் செய்யக்கூடியது. அறுவை வரை போகும் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று பிழைப்பதில்லை. 1,000 கிராமுக்குக் கீழே பாதி. கையெழுத்து வாங்கும்போதே இதை நேராகச் சொல்லிவிட வேண்டும். தாயை மதுரைக்கு வரவழைக்க முடியுமா என்று அன்றே பார்க்க வேண்டும், மறுநாளுக்குத் தள்ளக் கூடாது.

ஸ்டோமா_பராமரிப்பு

அறுவைக்குப் பிந்திய இரண்டு மூன்று மாதத்தைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. நம் ஊருக்கு ஏற்ற மாதிரி எழுதுகிறேன்.

ஸ்டோமா வாயின் உள்பக்கம் போலச் சிவந்து ஈரமாக இருக்க வேண்டும். நாவற்பழ நிறமோ கருப்போ வந்தால் அன்றே ஆஸ்பத்திரி. பையின் ஒட்டுத்தகட்டில் வெட்டும் ஓட்டை ஸ்டோமாவைவிட 2 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக இருக்கட்டும். முதல் வாரங்களில் வீக்கம் வடிந்து ஸ்டோமா சுருங்கும். ஆஸ்பத்திரியில் வெட்டிக் கொடுத்த பழைய அளவையே வீட்டில் பயன்படுத்தினால் இடைவெளியில் மலநீர் நின்று தோலை அரித்துவிடும். வாரம் ஒருமுறை அளந்து வெட்டுங்கள். மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்யுங்கள், நிறைந்தால் கனத்தில் பிய்த்துக்கொள்ளும்.

பை நிற்கவில்லை என்று வரும் வீடுகளில் கேட்டால் காரணம் பெரும்பாலும் எண்ணெய். தேங்காயெண்ணெய் தடவிக் குளிப்பாட்டும் வழக்கத்தை நிறுத்தச் சொன்னால் மனம் வராது. கை கால் முதுகுக்குத் தடவட்டும், வயிற்றுப் பக்கம் வேண்டாம். பவுடரும் வேண்டாம். வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் துடைத்து, முழுதும் காயவிட்டு, தகட்டை உள்ளங்கைச் சூட்டில் ஒரு நிமிடம் வைத்துவிட்டு ஒட்டினால் பிடிக்கும். பை வாங்க முடியாத நாட்களில் ஸ்டோமாவைச் சுற்றித் துத்தநாகக் களிம்பு கனமாகப் பூசி, மெல்லிய பழைய வேட்டித் துணி வைத்து அடிக்கடி மாற்றலாம். ஆத்தங்குடிக் கல் தரை வெயிலுக்குச் சுகம்தான், ஆனால் இரண்டு கிலோ குழந்தையை வெறும் தரையில் கிடத்தினால் சூட்டை அது உறிஞ்சிவிடும். அடியில் கனமான விரிப்பு வேண்டும்.

பச்சிளம்_மருத்துவர்

மேடம் சொன்னதோடு உப்பையும் சேர்க்கிறேன். ஸ்டோமா வழியாகச் சோடியம் போய்க்கொண்டே இருக்கும். பால் சரியாகக் குடிக்கும், எடை மட்டும் ஏறாது. ரத்தச் சோடியம் சரியாகவே காட்டும். சிறுநீர்ச் சோடியம் பாருங்கள். லிட்டருக்கு 20 மில்லிமோலுக்குக் கீழே என்றால் உடம்பில் உப்பு தீர்ந்துவிட்டது. ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 3-5 மில்லிமோல் என்று தொடங்கி ஏற்றினால் எடை ஏறத் தொடங்கும். அளவு டாக்டர் எழுதியது மட்டுமே. வீட்டு உப்பைக் கரைத்து ஊற்றக் கூடாது, ஒரு சிட்டிகை கூடினாலும் வலிப்பு வரலாம்.

ஸ்டோமாவில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிக்கு மேல் போனால் பாலை ஏற்றுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் பேசுங்கள். உச்சிக்குழி பள்ளமாகி, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால் ராத்திரியானாலும் கிளம்ப வேண்டும்.

தேவகோட்டை_வாசகர்

ஸ்டோமாவை மூடுவது எப்போது? மூடினால் முடிந்ததா?

குழந்தை_அறுவை

பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில், எடை இரண்டு கிலோ தாண்டிய பின். ஸ்டோமா மிக மேலே இருந்து எடையே ஏறவில்லை என்றால் முன்னதாகவும் மூடுவோம். மூடும் முன் கீழ்க் குடலுக்குள் கான்ட்ராஸ்ட் விட்டுப் படம் எடுப்பதைத் தவிர்க்கவே கூடாது. அழுகல் ஆறிய இடம் வடுவாகிச் சுருங்கி அடைத்துக்கொள்வது உண்டு, அதிகமும் பெருங்குடலின் இடப்பக்கம். அதைப் பார்க்காமல் மேலே இணைத்தால் தையல் பிரியும். அறுவையே இல்லாமல் மருந்தில் தேறிய குழந்தைக்கும் இந்தச் சுருக்கம் வரும். ஒன்றிரண்டு மாதம் கழித்து வயிறு உப்பி மலம் சிக்கினால் "வாய்வு" என்று விடாதீர்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதி போயிருந்தால் வைட்டமின் பி12 அளவைச் சில ஆண்டுகளுக்குப் பார்த்துவர வேண்டும். குறை உடனே தெரியாது, கல்லீரலின் சேமிப்பு தீர்ந்த பிறகுதான் தெரியும்.

கிராம_செவிலி_கல்லல்

கடைசியாக, பால் பற்றி. குழந்தை மதுரையில், அம்மா காரைக்குடியில். மலேசியாவிலிருந்து சொந்தக்காரர்கள் அனுப்பிய பால்மாவு டப்பா வீட்டில் தயாராக இருக்கிறது.

பச்சிளம்_மருத்துவர்

டப்பா மூடியே இருக்கட்டும். குறைமாதக் குழந்தைக்கு வெறும் மாவுப் பால் என்றால் இந்த நோய் வரும் வாய்ப்பு தாய்ப்பால் மட்டும் குடிப்பவர்களைவிட ஆறு முதல் பத்து மடங்கு என்று 1990-இலேயே கணக்கிட்டிருக்கிறார்கள். அறுவைக்குப் பின் ஏழு பத்து நாளில் மறுபடி பால் தொடங்கும்போதும் அம்மாவின் பால்தான் முதல் தேர்வு. ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10-20 மில்லியில் தொடங்குவோம். அதுவரை அம்மாவுக்குப் பால் வற்றாமல் இருக்க, குழந்தை பக்கத்தில் இல்லாவிட்டாலும் இரவு உட்பட மூன்று மணிக்கு ஒருமுறை கறக்க வேண்டும். கொதிக்கவைத்து ஆறிய சிறு மூடிப் புட்டிகளில், தேதியும் நேரமும் ஒட்டி, பிரிட்ஜின் உள் அலமாரியில் வையுங்கள், கதவில் வேண்டாம். ஐஸ் பை போட்ட டப்பாவில் அப்பா வாரம் இருமுறை எடுத்துப்போகலாம். பிரிட்ஜில் நான்கு நாள், பிரீசரில் உறைய வைத்தது மூன்று மாதம் தாங்கும். வழியில் உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.